ஒன்பது ஆண்டு மழைக்கணக்கை எவ்வளவு நம்பலாம்?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது பழமொழி. சோற்றுக்கு அது பொருந்தும். ஒரே உலை, ஒரே தீ, ஒரே அரிசி. ஆகவே ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால் பானை முழுவதன் பதமும் தெரிந்துவிடும். மழை அப்படிப்பட்டதன்று. ஒவ்வோர் ஆண்டும் தனி உலை. இரண்டு மூன்று ஆண்டுகளைப் பார்த்துவிட்டு "இங்கே மழை இவ்வளவுதான்" என்று முடிவு கட்டுவது அரைவேக்காட்டில் பானையை இறக்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால், பெரும்பாலான கிராமங்களில் கைக்குக் கிடைப்பது எட்டு அல்லது பத்து ஆண்டுக் கணக்குதான். குறைவானது என்று அதைத் தள்ளிவிடவும் கூடாது. அது சொல்லாததையெல்லாம் சொல்வதாக நம்பிவிடவும் கூடாது. அதனை வரிசைப்படுத்தும் முறை எது, அதிலிருந்து எதைப் படிக்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றை உழவர் பெருமக்களும் அவர்களுக்கு ஆலோசனை கூறும் அலுவலர்களும் அறிந்திருப்பது நல்லது. "சராசரி மழை" என்ற ஒரே எண்ணைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கும் வழக்கம் போதாது.

நாஞ்சில் நாட்டுக் கேள்வி

தோவாளை, அகஸ்தீசுவரம் வட்டங்களில் பரந்து கிடக்கும் நாஞ்சில் நாட்டு வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரண்டு பருவமழைகளும் குமரி மாவட்டத்துக்கு உண்டு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் தண்ணீர் ஜூன் மாதத் தொடக்கத்தில் திறக்கப்படுவது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து அது தள்ளிப்போவதும் உண்டு.

இந்தத் தள்ளிப்போதல்தான் அறுவடையைப் பாதிக்கிறது. 115 நாள் வயதுள்ள ரகத்தை ஜூன் 1 அன்று விதைத்தால் செப்டம்பர் 24 வாக்கில் அறுவடைக்கு வரும். ஜூன் 20 அன்று விதைத்தால் அக்டோபர் 13 ஆகிவிடும். 135 நாள் ரகம் என்றால் ஜூன் 1 அன்றே விதைத்தாலும் அக்டோபர் பாதிக்குப் போய்விடும். அதற்குள் வடகிழக்குப் பருவமழை எட்டிப் பார்க்கத் தொடங்குகிறது. முற்றிய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தால் மணி முளைக்கும். சேற்றில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும், வாடகையும் கூடும்.

ஆகவே தண்ணீர் தாமதமாகும் ஆண்டில் உழவர் முன் நிற்கும் கேள்வி இதுதான்: அக்டோபர் முதல் பாதியில் வயல் தாங்காத அளவுக்கு மழை பெய்வதற்கு வாய்ப்பு எவ்வளவு? வழக்கமான ரகத்தையே போடலாமா, குறுகிய வயது ரகத்துக்கு மாறலாமா?

சராசரி மறைப்பது என்ன?

முறையை விளக்குவதற்காக மட்டும் ஒரு கற்பனைப் பட்டியலை எடுத்துக்கொள்ளலாம். இது எந்த ஊரின் உண்மைக் கணக்கும் அன்று. ஓர் ஊரில் ஒன்பது ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் 15 வரை பெய்த மழை, ஆண்டு வாரியாக, மில்லிமீட்டரில் இவ்வாறு இருந்ததாகக் கொள்வோம்: 85, 150, 40, 120, 55, 190, 18, 100, 70.

இவற்றின் கூட்டுத்தொகை 828. சராசரி 92 மி.மீ. அந்த ஊர் வயலில் 100 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அறுவடைக்குத் தொல்லை என்று அனுபவத்தில் தெரிந்திருக்கிறது. "சராசரி 92தானே, 100-க்குக் கீழேதான் இருக்கிறது, பயமில்லை" என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்லும் எண் சரி, முடிவு தவறு. ஒன்பது ஆண்டுகளில் நான்கு ஆண்டுகள் 100 மி.மீ. அளவைத் தொட்டோ தாண்டியோ சென்றிருக்கின்றன. சராசரி அதைச் சொல்லவே இல்லை.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 190 மி.மீ. பெய்த ஆண்டில் அதற்குப் பதிலாக 325 மி.மீ. பெய்திருந்தால் சராசரி 92-லிருந்து 107-க்கு ஏறிவிடும். மற்ற எட்டு ஆண்டுகளின் மழையில் ஒரு துளியும் மாறவில்லை. ஒரே ஒரு வெள்ள ஆண்டு சராசரியை இழுத்துவிட்டது. நடுவில் நிற்கும் 85 மி.மீ., அதாவது இடைநிலை அளவு, அசையாமல் அப்படியே இருக்கும்.

வரிசைப்படுத்தும் முறை

முதலில் எண்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட வேண்டும். அந்த வரிசை எண்ணை, மொத்த ஆண்டுகளோடு ஒன்றைக் கூட்டி வரும் தொகையால் வகுக்க வேண்டும். இங்கே ஆண்டுகள் ஒன்பது. ஆகவே பத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது இது:

1 — 190 மி.மீ. — 10 சதவிகிதம்
2 — 150 மி.மீ. — 20 சதவிகிதம்
3 — 120 மி.மீ. — 30 சதவிகிதம்
4 — 100 மி.மீ. — 40 சதவிகிதம்
5 — 85 மி.மீ. — 50 சதவிகிதம்
6 — 70 மி.மீ. — 60 சதவிகிதம்
7 — 55 மி.மீ. — 70 சதவிகிதம்
8 — 40 மி.மீ. — 80 சதவிகிதம்
9 — 18 மி.மீ. — 90 சதவிகிதம்

ஒவ்வொரு வரியையும் "இவ்வளவு அல்லது அதற்கு மேல் மழை பெய்ய இத்தனை சதவிகித வாய்ப்பு" என்று படிக்க வேண்டும். ஒரு கிராப் தாளில் கீழ்க்கோட்டில் மழையளவையும் பக்கக்கோட்டில் சதவிகிதத்தையும் குறித்து, ஒன்பது புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் இடமிருந்து வலமாக இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். இதனைக் குவிவு நிகழ்தகவுக் கோடு என்பர். சிலர் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவார்கள்; அப்போது கோடு ஏறும், "இவ்வளவு அல்லது அதற்குக் கீழ்" என்று படிக்க வேண்டும். எந்த முறையில் அடுக்கப்பட்டது என்பதைத் தாளின் மேலேயே எழுதிவிட வேண்டும். இல்லையேல் 20 சதவிகிதம் 80 சதவிகிதமாகப் படிக்கப்பட்டுவிடும்.

ஒரே பட்டியல் இருவருக்குப் பயன்படும். கன்னிப்பூ அறுவடைக்கு நிற்பவர் பட்டியலின் மேற்பகுதியைப் பார்க்கிறார், 100 மி.மீ.க்கு நேரே 40 சதவிகிதம் என்று காண்கிறார். கும்பப்பூ நாற்றங்காலுக்கு மழையை எதிர்பார்ப்பவர் கீழ்ப்பகுதியைப் பார்க்கிறார். நான்கில் மூன்று ஆண்டுகளில் நம்பத்தக்க மழை, அதாவது 75 சதவிகித மழை, 55-க்கும் 40-க்கும் நடுவே ஏறத்தாழ 47 மி.மீ. என்று அறிகிறார். சராசரியான 92-ஐ நம்பி இருப்பவரைவிட இவர் எச்சரிக்கையாக இருப்பார்.

ஒன்பதுக்கு ஏன் பத்து?

ஒன்பது ஆண்டுகளை ஒன்பதால் வகுப்பதுதானே முறை என்று கேட்கலாம். அப்படி வகுத்தால் கடைசியில் நிற்கும் 18 மி.மீ.க்கு 100 சதவிகிதம் என்று வரும். அதாவது, 18-க்குக் குறைவாக என்றைக்குமே பெய்யாது என்று பொருளாகிவிடும். ஒன்பது ஆண்டுகள் பார்த்ததை வைத்து அவ்வளவு பெரிய உறுதிமொழி கொடுக்க முடியுமா?

வரப்பில் வரிசையாக ஒன்பது முளைகள் அடித்தால், இரு ஓரங்களுக்கும் அப்பால் உள்ள இடங்களையும் சேர்த்துப் பத்து இடங்கள் உண்டாகின்றன. இனி வரும் பத்தாவது ஆண்டின் மழை அந்தப் பத்து இடங்களில் எதிலும் விழலாம்; வானிலையின் போக்கு மாறாதிருந்தால் ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு சமம். ஆகவே இதுவரை காணாத பெருமழைக்குப் பத்தில் ஒரு வாய்ப்பும், இதுவரை காணாத வறட்சிக்குப் பத்தில் ஒரு வாய்ப்பும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால், அடுத்த ஆண்டு பட்டியலுக்கு வெளியே போய்விட ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. சிறிய பட்டியல் சொல்லும் பெரிய உண்மை இதுவே.

அமெரிக்கப் பொறியாளர் ஆலன் ஹேசன் 1914-ல் நீர்த்தேக்கக் கணக்குக்காக வேறு ஒரு வாய்பாட்டைப் பயன்படுத்தினார்: வரிசை எண்ணில் அரையைக் கழித்து ஆண்டுகளால் வகுப்பது. சுவீடன் நாட்டு வெய்புல் பெயரால் வழங்குவது மேலே சொன்ன முறை. இரண்டையும் ஒப்பிட்டால் நடுவில் வேறுபாடு இல்லை, 85 மி.மீ.க்கு இரண்டும் 50 சதவிகிதமே தருகின்றன. ஓரத்தில்தான் பிரிகின்றன. 190 மி.மீ.க்கு ஒன்று 10 சதவிகிதம் என்கிறது. மற்றது ஏறத்தாழ 5.6 சதவிகிதம் என்கிறது. ஒரே எண்களை வைத்துக்கொண்டு அறிஞர்கள் ஓரத்தில் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்றால், ஓரத்தை நம்பி வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது தெளிவு.

40 சதவிகிதம் என்பது உண்மையில் எத்தனை?

இங்கேதான் பலர் தவறிவிடுகின்றனர். பட்டியலில் 40 சதவிகிதம் என்று எழுதியவுடன் அது கல்லில் செதுக்கிய எண்ணாகிவிடுவதில்லை. ஒன்பது ஆண்டுப் பட்டியலில் நான்காம் இடத்தில் நிற்கும் அளவுக்குரிய உண்மையான வாய்ப்பு, பத்துக்கு ஒன்பது தடவை, ஏறத்தாழ 17-க்கும் 65-க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 29 ஆண்டுக் கணக்கு இருந்தால் இந்த இடைவெளி 26-க்கும் 55-க்கும் இடையே சுருங்கும். 99 ஆண்டுகள் இருந்தால் 32-க்கும் 48-க்கும் இடையே நிற்கும். உச்சியில் நிற்கும் 190 மி.மீ.யின் நிலை இன்னும் மோசம்: 10 சதவிகிதம் என்று எழுதினாலும், உண்மை ஒரு சதவிகிதத்துக்கும் கீழே இருக்கலாம், 28 சதவிகிதம் வரையிலும் இருக்கலாம்.

"17-லிருந்து 65 வரை என்றால் அதனால் என்ன பயன்?" என்று கேட்பது நியாயமே. பயன் உண்டு, முடிவு எடுப்பதற்கு எப்போதும் துல்லியமான எண் தேவைப்படுவதில்லை. குறுகிய வயது ரகத்துக்கு மாறினால் ஏக்கருக்கு 1,000 ரூபாய் வருமானம் குறையும் என்றும், மாறாமல் இருந்து மழையில் மாட்டினால் 5,000 ரூபாய் நட்டம் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவிகிதத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தாலே மாறுவது லாபம். 17 முதல் 65 வரையுள்ள இடைவெளியில் பெரும்பகுதி 20-க்கு மேலேதான் இருக்கிறது. ஒன்பது ஆண்டுக் கணக்கே இந்த முடிவுக்குப் போதும்.

நட்டம் 2,000 ரூபாய்தான் என்றால் கதை வேறு. அப்போது எல்லைக்கோடு 50 சதவிகிதம். 17 முதல் 65 என்ற இடைவெளி அந்தக் கோட்டின் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது. இந்தக் கேள்விக்கு ஒன்பது ஆண்டுக் கணக்கால் விடை சொல்ல இயலாது. இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தைப் பிரித்து, ஒரு பகுதியில் குறுகிய வயது ரகமும் மறு பகுதியில் வழக்கமான ரகமும் போடுவது விவேகம். கணக்கு தெளிவாகப் பேசும் இடம் எது, வாய்மூடும் இடம் எது என்று பிரித்தறிவதே இந்த முறையின் முதற்பயன்.

பட்டியலுக்கு வெளியே நிற்கும் மழை

புள்ளிகளை அழகான வளைகோட்டால் இணைத்து, அதை வலப்பக்கம் நீட்டி, "ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை இவ்வளவு பெய்யும்" என்று படிக்கும் பழக்கம் ஆபத்தானது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக்குத் தெற்கே கடந்து சென்றபோது, இம்மாவட்டத்தில் வாழையும் ரப்பரும் சாய்ந்தன. கடலுக்குச் சென்ற மீனவர் பலர் மாண்டனர். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் வயல்கள் மூழ்கின. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. கொட்டியது. அம்மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். அதற்கு முந்தைய பத்தாண்டுக் கணக்கை எப்படி வளைத்து நீட்டியிருந்தாலும் இந்த எண் வந்திருக்காது. புயலால் வரும் மழையும், சாதாரணப் பருவமழையும் ஒரே சாக்கில் அள்ளிய நெல் அல்ல.

"பத்தாண்டுக்கு ஒருமுறை" என்ற சொல்லும் குழப்பம் தருகிறது. இந்த ஆண்டு வந்துவிட்டது, இனி ஒன்பது ஆண்டு கவலையில்லை என்று பொருளன்று. ஒவ்வோர் ஆண்டும் 10 சதவிகித வாய்ப்பு என்றே பொருள். அப்படியானால் பத்தாண்டுகளில் ஒரு தடவையாவது வருவதற்கு 65 சதவிகித வாய்ப்பு. ஒரு தடவைகூட வராமல் போக 35 சதவிகித வாய்ப்பு.

கிருஷ்ணா நதி தரும் பாடம்

எந்த ஆண்டுகளைப் பட்டியலில் சேர்ப்பது என்பது சின்ன விஷயமன்று. கிருஷ்ணா நதிநீர்ப் பங்கீட்டில் முதல் நடுவர் மன்றம் 1894-95 முதல் 1971-72 வரையிலான 78 ஆண்டு நீர்வரத்தை வரிசைப்படுத்தி, 75 சதவிகித நம்பக அளவு 2,060 டி.எம்.சி. என்று கொண்டது. இரண்டாம் நடுவர் மன்றம் 2010-ல் அளித்த முடிவில், 1961-62 முதல் 2007-08 வரையிலான 47 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அதே 75 சதவிகிதத்துக்கு 2,173 டி.எம்.சி. என்று வந்தது. அதே ஆறு, அதே சதவிகிதம். ஆண்டுகள் மாறின, எண்ணும் மாறியது. மாநிலங்கள் வழக்காடும் பேராற்றுக்கே இந்த நிலை என்றால், ஒரு கிராமத்தின் ஒன்பது ஆண்டுக் கணக்கை எவ்வளவு பணிவோடு கையாள வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியவை

பருவங்களைக் கலக்கக் கூடாது. தென்மேற்கு மழைக்கு ஒரு பட்டியல், வடகிழக்கு மழைக்கு வேறு பட்டியல் வேண்டும். இடங்களையும் கலக்கக் கூடாது. பேச்சிப்பாறை, பாலமோர் மலைப்பக்கத்து மழை வேறு. மயிலாடி, கொட்டாரம் பக்கத்து மழை வேறு. விநோதமாகத் தெரிகிறது என்பதற்காக எந்த ஆண்டையும் நீக்கக் கூடாது. அளந்ததில் தவறு என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே நீக்கலாம். கோட்டில் தெரியும் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் தேட வேண்டாம். ஒன்பது புள்ளிகளில் வளைவும் பள்ளமும் தற்செயலாகவே தோன்றும்.

இன்னொன்று மிக முக்கியம். வரிசைப்படுத்தும்போது காலவரிசை மறைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறித்து வைக்க வேண்டும். பெரிய எண்களெல்லாம் அண்மை ஆண்டுகளாகவே இருந்தால், பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சரிதானா என்று யோசிக்க வேண்டும். பருவநிலை மாறிவரும் இக்காலத்தில் இது வெறும் சந்தேகம் அன்று.

செய்ய வேண்டியது

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. பூதப்பாண்டி, மயிலாடி, கொட்டாரம், சுருளோடு, பெருஞ்சாணி முதலிய இடங்களில் பதிவான மழையளவு மழைக்காலத்தில் நாளிதழ்களில் வெளிவருகிறது. அதைக் கத்தரித்து ஒட்டி வைத்தால் அதுவே கணக்கேடு. ஊர்தோறும் ஒரு மழைமானி வைத்து, தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதினால் இன்னும் நல்லது. பாசன சங்கங்களும் ஊராட்சிகளும் இந்தப் பொறுப்பை ஏற்கலாம். பள்ளி மாணவர்களைக் கொண்டு வரைபடம் போடச் செய்யலாம். கோட்டையும் மரக்காலும் மனக்கணக்காகப் போட்டுப் பழகிய நாஞ்சில் நாட்டுக்கு, ஒன்பதைப் பத்தால் வகுப்பது கடினமன்று.

அலுவலர்களும் ஆராய்ச்சி நிலையங்களும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மழை குறித்து உழவர்களுக்கு வெளியிடும் ஒவ்வொரு குறிப்பிலும் சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல், நான்கில் மூன்று ஆண்டு நம்பத்தக்க மழை எவ்வளவு, அது எத்தனை ஆண்டுக் கணக்கிலிருந்து வந்தது, எவ்வளவு தூரம் ஏறி இறங்கக்கூடும் என்ற மூன்றையும் அச்சிட வேண்டும். ஆண்டுகளின் எண்ணிக்கை இல்லாத சதவிகிதம், எடைக்கல் தெரியாத தராசு போன்றது. "தெரியாது" என்று சொல்ல வேண்டிய இடத்தில் அப்படியே சொல்வதால் அறிவியலுக்கு இழுக்கு இல்லை. அந்த முன்னெச்சரிக்கை கிடைக்காமல் விதைத்துவிட்டு, அக்டோபர் மழையில் சாய்ந்த கதிரைப் பார்த்து நிற்க வேண்டியவர் உழவர்தான்.

ஒன்பது ஆண்டுக் கணக்கு சிறியது. ஆனால் இன்றைக்கு எழுதத் தொடங்காத ஊருக்கு ஒன்பது ஆண்டு கழித்து அதுவும் இருக்காது. அடுத்த மழைக்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி முதல் வரியை எழுதிவைப்பது நன்று.